கால் மைல் கண்டம்

நான் சொல்லப் போவதை நம் காரியாலயத்தில் முதலில் சொன்னபோது, உதவி ஆசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக் கொண்டு, "நீங்களா?" என்றார். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். சென்னையில் ஓர் ஆட்டோ ரிக்ஷா பின்னால் வந்து ஹாரன் அடித்தால் போதும், காரை ஓரம் கட்டி அதற்கு வழி விட்டு, அதன் பின்னால் வரும் குப்பை வண்டிக்கும் சேர்த்து வழி விடுகிற ரகம் நான். அப்பேர்ப்பட்ட நான், 2019-ஆம் வருஷக் கோடையில், கலிபோர்னியாவில் ஒரு புதன்கிழமை மாலை, டிராக் ரேஸ் ஓட்டினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதுவும் என் அக்காவின் காய்கறி வாங்கும் காரில்!

டிராக் ரேஸ் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நம் எழுத்தில் எழுதும்போது, பாதை என்று பொருள்படும் 'டிராக்'கும் இந்த 'டிராக்'கும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆகையால் நானும் ஆரம்பத்தில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம் என்றே நினைத்திருந்தேன். இது வேறு. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேரான ஒரு சாலை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல் தூரம், அதாவது 1,320 அடி, ஓட வேண்டும். அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள், பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிப் போய் அடுப்பை அணைக்கிறீர்களே, அதற்குள் இந்தப் பந்தயம் முடிந்து விடும்.

இந்த வம்பில் நான் ஏன் போய் விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்கா ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறாள். மூன்று வார லீவில் அவள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். விமான நிலையத்துக்கு அத்தான் மட்டும் வந்திருந்தார். "அக்கா வரவில்லையா?" என்று கேட்டதற்கு, "வீட்டிலே கொஞ்சம் மௌன விரதம்" என்றார். வீட்டுக்குப் போனதும் அதன் அர்த்தம் புரிந்தது. அக்காவும் அவள் பிள்ளையும் பத்து நாளாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக இரண்டு மாதம் பாக்கி. தோசை வேண்டுமா என்பதை அவள் அத்தானிடம் சொல்வாள். அத்தான் அவனைப் பார்ப்பார். அவன் தலையை ஆட்டுவான். அத்தான் அவளைப் பார்ப்பார். நடுவில் தோசை ஆறிப் போய்விடும்.

இரவு பாத்திரம் அலம்பும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். பையனுக்கு ஒரு பழைய ஹோண்டா சிவிக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி, ஊருக்குள்ளே அகலமான ஒரு சாலையில், சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்த சிநேகிதனோடு பந்தயம் பேசி, பச்சை விழுந்ததும் இரண்டு பேரும் பறந்திருக்கிறார்கள். இன்னொரு சிநேகிதன் அதைக் கைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அது ஐந்தாவதாக அக்காவின் கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. போலீஸ் பார்த்திருந்தால் அந்த மாநிலச் சட்டப்படி வண்டியை 30 நாள் வரை பறித்து வைக்கலாம். ஆனால் அக்காவுக்குப் போலீஸ் பயம் இல்லை.

"அந்த ரோட்டிலே ஒரு விளக்குக் கம்பம் இருக்குடி" என்றாள். "அதிலே பூ கட்டி, ஒரு பையன் படம் ஒட்டியிருக்கும். யார் பெத்த பிள்ளையோ! போன வருஷத்திலேயிருந்து இருக்கு. பூ காய்ஞ்சா யாரோ வந்து மாத்திட்டுப் போறாங்க. நான் தினம் அந்த வழியாத்தான் ஆபீஸுக்குப் போறேன். இவன் அதே கம்பத்தைத் தாண்டித்தான் பறந்திருக்கான். படத்திலே தெரியறது."

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக் கொண்டாள். கார்ச் சாவி அன்றிலிருந்து அவள் கைப்பைக்குள் இருந்தது.

சாவியை வாங்கிக் கொண்டால் கார் நின்று விடும். பதினேழு வயசு நிற்குமா? எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் அரைகுறை ஞானம் உண்டல்லவா? எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் இதே சங்கடம் 1940-களிலேயே இருந்திருக்கிறது. இளவட்டங்கள் பழைய கார்களை வாங்கி, மூடி முக்காடெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, வறண்ட ஏரிகளிலும் நடுத் தெருவிலும் பந்தயம் விட்டுக் கொண்டிருந்தார்கள். 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையின் ஆசிரியரான வாலி பார்க்ஸ் என்பவர், இவர்களைத் திட்டிப் பயனில்லை, தெருவிலிருந்து அப்புறப்படுத்தி வேறு இடம் காட்டுவோம் என்று 1951-இல் ஒரு தேசியச் சங்கத்தை ஆரம்பித்தார். கலிபோர்னியாவில் சான்டா ஆனா விமான நிலைய ஓடுபாதையில் அதற்கு முந்தின வருஷமே இந்தப் பந்தயம் தொடங்கியிருந்தது. யுத்த காலத்து ஓடுபாதைகள் பல சும்மா கிடந்த சமயம் அது. நேராகவும் நீளமாகவும் இருந்தபடியால் இந்தக் காரியத்துக்கென்றே போட்டு வைத்தாற்போல் அமைந்தன.

நமக்கும் இது புதிதல்ல. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்ததும், அதில் வருஷா வருஷம் கார்ப் பந்தயம் நடந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை போடும் வரையில் அதுதான் தென்னாட்டுக்குப் பந்தய ஸ்தலம். எங்கள் அப்பா வாலிபத்தில் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கட்டிக் கொண்டு அங்கே போய் வெயிலில் நின்று பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு நாங்கள் வளர்ந்தோம்.

மறு நாள் அதைத்தான் ஆயுதமாக எடுத்தேன். "அப்பா சோழவரம் போனபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லையே?" என்றேன்.

"அப்பா பார்க்கப் போனார். ஓட்டப் போகலை" என்றாள் அக்கா. வழக்கறிஞராகியிருக்க வேண்டியவள்.

"சரி, இங்கே வளைகுடாவுக்கு வடக்கே சொனோமாவில் ஒரு பந்தயச் சாலை இருக்கிறது. புதன்கிழமை மாலையில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டு போய் ஓட்டலாமாம். ஆம்புலன்ஸ் நிற்கும், தீயணைப்பு வண்டி நிற்கும், எதிரே கார் வராது, நடுவே நாய் வராது. அவன் அங்கே ஓட்டட்டும்" என்றேன்.

"அவன் அம்மா பயந்து சாகட்டுமாக்கும்!"

அப்போது என் வாயில் சனி புகுந்தது. "நானும் ஓட்டுகிறேன்" என்று சொல்லி விட்டேன். "நான் ஓட்ட முடிந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஒப்புக் கொள்வாயா?"

மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்டது. பையன் ஒட்டுக் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பை அடக்க முடியவில்லை போலும்.

அக்கா 'சரி' என்று சொல்லவில்லை. 'கூடாது' என்றும் சொல்லவில்லை. பதினெட்டு நிரம்பாதவன் ஆகையால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும். எது நடந்தாலும் வழக்குப் போட மாட்டோம் என்கிற பத்திரம். அத்தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மனைவியின் கட்சியா மகனின் கட்சியா என்று தெரியாதபடி நடந்து கொள்வதில் அவர் நிபுணர். அக்கா அதை ஒரு வரி விடாமல் படித்தாள். 'மரணம்' என்ற வார்த்தை வரும் இடங்களிலெல்லாம் அவள் விரல் நின்று நின்று நகர்ந்ததை நான் பார்த்தேன். கையெழுத்துப் போடாமல் மடித்துக் கைப்பையில், சாவியின் பக்கத்தில், வைத்துக் கொண்டாள்.

பாடம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பமாயிற்று. குரு அக்கா பிள்ளை, சிஷ்யை நான். இந்தப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் விளக்குக் கம்பத்துக்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். 1963-க்கு முன்னால் ஓர் ஆசாமி நடுவில் நின்று கொடியை வீசிக் குதிப்பாராம். அவர் பாரபட்சம் காட்டுகிறார் என்று சண்டை வந்ததோ என்னவோ, அவருக்குப் பதில் இந்த விளக்கு மரம் வந்தது. மேலே இரண்டு ஜதை சின்ன விளக்குகள். கார் கோட்டை நெருங்கினால் ஒன்று எரியும். இன்னும் ஏழு அங்குலம் நகர்ந்தால் இரண்டாவதும் எரியும். சாலையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கதிர் இருக்கிறது. நம் சக்கரம் அதை மறைத்தால் விளக்கு எரிகிறது. இரண்டு கார்களும் தயார் என்றானதும், மஞ்சள் விளக்குகள் மூன்று அரை விநாடிக்கு ஒன்றாக மேலிருந்து கீழே இறங்கி வரும். அப்புறம் பச்சை.

"பச்சையைப் பார்த்துட்டுக் கிளம்பினா லேட் சித்தி" என்றான். "மூணாவது மஞ்சளைப் பார்த்ததும் காலை அழுத்தணும். மூளை காலுக்குச் சொல்லி, கால் காருக்குச் சொல்லி, கார் நகர்றதுக்குள்ள பச்சை வந்திடும்."

"முந்திக் கொண்டால்?"

"சிவப்பு எரியும். தோத்தாச்சு. எவ்வளவு வேகமாப் போனாலும் தோத்தாச்சு."

மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, ஸ்பூனால் டண், டண், டண் என்று தட்டுவான். மூன்றாவது டண்ணுக்கு நான் தரையில் காலை ஓங்கி மிதிக்க வேண்டும். முதல் நாள் நான் நாலாவது டண்ணை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது டண்ணுக்கே மிதித்தேன். ஐந்தாம் நாள் இரவு நாங்கள் மும்முரமாக இருந்தபோது சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது:

"டம்ளர் நசுங்கினா யார் வாங்கித் தருவா? மரக் கரண்டியை எடுத்துக்கோடா!"

பையன் ஸ்பூனைப் பிடித்த கையோடு அப்படியே நின்று விட்டான். பதினைந்து நாளில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

புதன்கிழமை எல்லோருமாகப் புறப்பட்டோம். சிவிக்கை அக்காவே ஓட்டினாள், பையன் பக்கத்தில். அக்காவின் டொயோட்டா கொரோலாவில் அத்தானும் நானும். சுமார் அறுபது மைல். சொனோமா பந்தயச் சாலை 1968-இல் திறந்தது. சுற்றிலும் மொட்டைக் குன்றுகள். கோடையில் புல் காய்ந்து பொன்னிறமாக இருக்கும். அந்தக் குன்றுகளில் ஆடுகள் மேய்கின்றன! புல் தீப்பற்றாமல் இருக்க ஆட்டை விட்டு மேய்க்கிறார்களாம். இவ்வளவு இரைச்சலிலும் அவை தலையைத் தூக்குவதில்லை. என் நெஞ்சு அடித்துக் கொண்ட வேகத்தில் அந்த ஆடுகளைப் பார்த்ததுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

வாசலில் அக்கா காரை நிறுத்தினாள். கைப்பையைத் திறந்து பத்திரத்தை எடுத்து, ஸ்டியரிங் சக்கரத்தின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சாவியையும் அவன் கையில் கொடுத்தாள். "எனக்குப் பேச்சு வேண்டாம். உள்ளே போ" என்றாள்.

அடுத்தது பரிசோதனை. ஒரு தாடிக்காரர் வந்து கொரோலாவின் டயர், பேட்டரி, சக்கர ஆணி, பெல்ட் எல்லாவற்றையும் பார்த்தார். காருக்குள் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். டிக்கியைத் திறந்தேன். இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டை, இரண்டு குடை, பாலித்தீன் பையில் காலிப் பாத்திரங்கள், யாருக்கோ திருப்பித் தர வேண்டிய வெற்றிலைத் தட்டு. ஒவ்வொன்றாக இறக்கி வைத்தோம். ஒரு சின்னச் சம்சாரமே புல்தரையில் உட்கார்ந்து விட்டது. கடைசியில் தாடிக்காரர் முன்னாலிருந்த பிள்ளையாரைப் பார்த்தார். இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிள்ளையார் அசையவில்லை, அத்தான் ஒட்டின பசை அப்படி. "இவர் வரலாம்" என்று சொல்லிவிட்டார்.

உடை விஷயத்திலும் நிபந்தனை உண்டு. கால் முழுவதும் மூடிய உடுப்பு, மூடிய காலணி. செருப்புக்கு இடமில்லை. கால் மைலை 13.99 விநாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் கார்களுக்குத்தான் சங்க விதிப்படி தலைக்கவசம் கட்டாயம். நம் கொரோலாவுக்கு அந்த அபாயமில்லை. ஆனாலும் அக்கா என் தலையில் ஒன்றைக் கவிழ்த்துத்தான் அனுப்பினாள்.

இனி என் முதல் ஓட்டம். முன்னால் நின்ற பெரிய கார் ஒன்று தேங்கிய தண்ணீரில் சக்கரத்தை நனைத்து, நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை மண்டலம் கிளப்பியது. டயரைச் சூடாக்கிப் பிசுபிசுப்பாக்கத்தான் அது. சாதாரண டயர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைச் சுற்றிக் கொண்டு போக வேண்டும். ஈரம் டயரின் பள்ளங்களில் தங்கி வழுக்கும். ஏ.சி.யையும் அணைக்க வேண்டும். அது சொட்டுகிற நீர் பின்னால் வருபவனுக்கு எமன். புறப்படும் இடத்தில் சாலையில் பசை மருந்து தெளித்திருக்கிறார்கள். அதில் நடந்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் கால் மட்டும் கழன்று வரும்.

முதல் சின்ன விளக்கு எரிந்தது. அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். இரண்டாவதும் எரிந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு சிவப்புக் கார் உறுமிக் கொண்டு நின்றது. டண், டண், டண் என்று மனசுக்குள் எண்ணத் தயாரானேன். மஞ்சள் விளக்குகள் இறங்கின. பச்சை எரிந்தது. "அட, பச்சை எரிகிறதே!" என்று நினைத்துக் கொண்டேன். நினைத்துக் கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிவப்புக் கார் மறைந்து போயிற்று. பின்னால் நின்ற ஆசாமி கையை ஆட்டினார். அப்புறம்தான் எனக்குக் கால் இருப்பது ஞாபகம் வந்தது.

அழுத்தினேன். கொரோலா ஒரு பெருமூச்சு விட்டது. வாஸ்தவத்தைச் சொல்ல வேண்டுமானால், காற்றைக் கிழித்துக் கொண்டு பறந்தேன் என்றெல்லாம் ஒன்றுமில்லை. சாமான் வண்டியை மேட்டில் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனால் எண்ணூறு அடி தாண்டியதும் நிலைமை மாறியது. எஞ்சின் ஒரே சுருதியில் கதறுகிறது; இரண்டு பக்கமும் சுவர் ஓடுகிறது; காலை எடு, காலை எடு என்று என் பிராணன் சொல்கிறது; கோடு வரும் வரைக்கும் எடுக்காதே என்று பையன் சொல்லியிருக்கிறான். கோடு வந்தது. மெதுவாக பிரேக்கைத் தொட்டு, திரும்பும் வழியில் திரும்பினேன். ஒரு சின்ன அறையிலிருந்து கை நீண்டு சீட்டு ஒன்றைக் கொடுத்தது.

அந்தச் சீட்டு இருக்கிறதே, ஜாதகம் தோற்றது! கிளம்ப எத்தனை நேரம் தாமதித்தோம், முதல் அறுபது அடிக்கு எத்தனை விநாடி, பாதி தூரத்தில் எத்தனை, முடிவில் எத்தனை, அப்போது வேகம் என்ன, எல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு சுத்தமாக. பச்சை எரிந்து நான் கிளம்ப ஆன நேரம் 1.9 விநாடி. ஓடிய நேரம் 18.41. வேகம் மணிக்கு 76 மைல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம், விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. நம் சக்கரம் அந்த ஒளிக் கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. ஆகவே தூங்கி விட்டுக் கிளம்பினாலும் ஓட்ட நேரம் கெடுவதில்லை. பந்தயம்தான் கெட்டுப் போகும்.

வரிசையில் காத்திருந்தபோது ஓர் அம்மாளைச் சந்தித்தேன். அறுபதைத் தாண்டியவர், நீல நிறத்தில் பழைய செவர்லே. கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் 14.20 என்று எழுதியிருந்தார். அது என்னவென்று கேட்டேன். கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டி ஓடுகிற பந்தயம் ஒன்று உண்டாம். மெதுவான காரை வித்தியாசத்துக்குத் தகுந்தபடி முதலில் விடுவார்கள். வேகமான கார் பின்னால் துரத்தும். சரி, பொய்யாக நேரத்தைக் கூட்டி எழுதிவிட்டால் ஜயிக்கலாமே என்றேன். அதுதான் நடக்காது. எழுதியதை விட வேகமாக ஓடினால் தோல்வி! உன் காரின் சக்தி என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும், அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்னபடி ஓட வேண்டும். "அதனால்தான் என்னைப் போன்ற கிழவிகள் இருபது வயதுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று சிரித்தார்.

இந்த விளையாட்டில் பெண்கள் சோடையில்லை என்பதை இங்கே சொல்லி விடுகிறேன். ஷெர்லி மல்டௌனி என்ற பெண்மணி 1977, 1980, 1982 என்று மூன்று தடவை, இருப்பதற்குள் அதிவேகமான 'டாப் ஃப்யூயல்' பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். அவர் கார் ரோஜா நிறம். 1984-இல் விபத்தில் கால்கள் நொறுங்கிப் போய், 1986-இல் திரும்பி வந்து ஓட்டினார். அந்த ஜாதி வண்டிகள் இப்போது மணிக்கு முந்நூறு மைலுக்கு மேல் போகின்றன. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் இறந்த பிறகு அவற்றுக்குத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்து விட்டார்கள். அக்காவிடம் ரோஜா நிறக் காரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அவள் பார்வையாளர் படியில், கழுத்தில் மப்ளர் சுற்றி, புளிசாதப் பாத்திரத்தை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் காற்று பிய்த்துக் கொண்டு போயிற்று. அந்த நீலக் கார் அம்மாளின் பந்தயத்தை நாமும் வைத்துக் கொள்வோமே என்றேன். நானும் பையனும் நேரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுப்பது. சொன்னதற்கு மிக அருகில் ஓடுகிறவருக்கு ஜயம். அக்கா நடுவர். மளிகைக்கடை ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

நான் 18.30 என்று எழுதினேன். அவன் 16.50 என்று எழுதினான். அவனுடைய முதல் ஓட்டம் 17.20 என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா காகிதத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மூன்றாவது மஞ்சளுக்கு நான் மிதித்தேன். மரக் கரண்டிச் சத்தமே காதில் கேட்டது. அவன் எனக்கு எவ்வளவோ முன்னால் பாய்ந்தான். ஆனால் அவன் பக்கத்து மரத்தில் பளிச்சென்று சிவப்பு! அவசரம், பச்சைக்கு முன்பே நகர்ந்து விட்டான். அவன் ஓட்டம் 17.12. என்னுடையது 18.33. அடிவானம் வரை எனக்கு முன்னால் போனவன், சட்டப்படி சித்தியிடம் தோற்றான்.

சீட்டைக் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுக்கும்போது அவன் முகம் சுண்டியிருந்தது. "காத்து எதிரே அடிச்சது. வண்டி பழசு. டயர் சரியில்லை" என்றான்.

அக்கா இரண்டு காகிதத்தையும் சீட்டையும் மடியில் அடுக்கிப் பார்த்தாள். "இருக்கறதை எழுதறதுக்கு என்னடா?" என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் பாத்திரத்தைத் திறந்து புளிசாதத்தில் கவனம் செலுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தானாகவே சொன்னான். "அன்னிக்கு ராத்திரி அவன்கிட்டேயும் இப்படித்தான் பதினாறுன்னு சொன்னேன். அவன் நம்பலை. அதனாலதான்..."

"அதனாலதானா?" என்றாள் அக்கா. "அதுக்காகவா?"

"ஆமாம்மா."

மைதானத்தில் சத்தமே போடாமல் ஒரு மின்சாரக் கார் ஓடியது. விர்ரென்று டயர் ஓசை மட்டும். பெரிய பெரிய உறுமல் வண்டிகளை அலட்சியமாகத் தாண்டிக் கொண்டு போயிற்று. மூவரும் அதையே பார்த்தோம். அக்கா அவன் தட்டில் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டாள்.

மூன்றாவது ஓட்டத்துக்கு அவன் வெகு நேரம் யோசித்து 17.10 என்று எழுதினான். டயரில் காற்றைப் பார்த்தான். முதல் அறுபது அடியில் மிச்சம் பிடிப்பது முடிவில் வட்டியோடு திரும்பி வரும் என்று எனக்கு விளக்கினான். கோட்டில் போய் அவன் நின்ற நிதானமே வேறாக இருந்தது. பச்சைக்குப் பிறகு 0.31 விநாடியில் கிளம்பினான், 17.11-இல் முடித்தான். அக்கா எழுந்து நின்று பார்த்ததை அவள் மறுக்கிறாள். மடியிலிருந்த பாத்திரத்தின் மூடி படியில் உருண்டு போனதை நான் பொறுக்கிக் கொண்டு வந்தேனே! என்னுடையதைப் பற்றிக் கேட்காதீர்கள். 18.30 என்று எழுதி 18.24 ஓடி, அதிவேகத்தால் தோற்ற கொரோலா உலகத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது அத்தான் அரிசி மூட்டையோடும் பிள்ளையாரோடும் முன்னால் போய்விட்டார். சிவிக்கின் பக்கத்தில் அக்கா நின்றாள். பையன் சாவியை நீட்டினான். அவள் வாங்கிக் கொள்ளாமல் சுற்றிக் கொண்டு போய் இடது கைப் பக்கத்தை அவனுக்கு விட்டு, மறு பக்கம் ஏறி உட்கார்ந்தாள். நான் பின் ஆசனத்தில்.

ஃப்ரீமாண்டுக்குள் நுழையும்போது மணி பத்தாகியிருக்கும். அந்த அகலமான சாலையில் அந்தக் கம்பத்தைத் தாண்டினோம். யாரோ புதுப் பூ கட்டியிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அதற்கு அடுத்த சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கம் பார்த்துவிட்டு எஞ்சினை உறும விட்டார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை. அக்காவின் விரல்கள் கைப்பை வாரைச் சுற்றிக் கொண்டன. பையனின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. அவன் நேரே விளக்கையே பார்த்துக் கொண்டிருந்தான்.

பச்சை விழுந்தது. பக்கத்துக் கார் கிறீச்சென்று கத்திப் புகையைக் கக்கிக் கொண்டு பறந்தது. இவன் சாவதானமாகக் காரை எடுத்தான்.

"டயர் சுத்திடுச்சு" என்றான். "அறுபது அடிக்கே மூணு செகண்ட் ஆகியிருக்கும், பாவம்."

கொஞ்ச தூரம் போனோம்.

"நம்மது எவ்வளவு?" என்றாள் அக்கா.

"எதும்மா?"

"அந்த அறுபது அடி."

"ரெண்டு புள்ளி நாலு மூணு."

அக்கா கைப்பையைத் திறந்தாள். சீட்டை எடுத்துத் தெரு விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாலு அஞ்சு" என்று திருத்தினாள்.